இரண்டு ராஜாவும் ஒரு ஆறும்

ஆரம்பாக்கம்
6-2-1973

அன்புள்ள மாமாவுக்கு,

கலா எழுதுவது. அத்தைக்கு இருமல் நின்றுவிட்டது. ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. இங்கே சேதி இவ்வளவுதான் என்று முடித்துவிடலாமென்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஊர்க்காரர் யாராவது எழுதி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

கம்பெனியில் சீட்டாட்டப் போட்டி நடக்கிறது. நான் அதில் சேர்ந்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். டிசம்பரில் லீவில் வந்த உங்களிடம், நான் ஆணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது போன அதே முகம்தான். "போறதுன்னா போ, எங்கிட்ட எதுக்குக் கேக்கற?" என்று சொல்லிவிட்டு மீதி நான்கு நாளும் ஆட்டோடு பேசினீர்களே தவிர என்னோடு பேசவில்லை. ஜபல்பூர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த இரண்டு கடிதமும் அத்தை பெயருக்கு. எனக்கு அடியில் ஒரு வரி: "கலாவையும் விசாரித்ததாகச் சொல்லவும்." படித்துக் காட்டியதே நான்தான். என்னை நானே விசாரித்துக்கொண்டேன்.

போட்டி ரம்மிதான். காசு வைத்து ஆடுவது இல்லை. முதல் பரிசு மேஜை ஃபேன், இரண்டாம் பரிசு ஃபிளாஸ்க். நோட்டீஸ் போர்டில் "தொழிலாளர்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம்" என்று போட்டிருந்தது. பெயர் கொடுக்கப் போனேன். கிளப் செயலாளர் கோபால், டைம் ஆபீஸ் கிளார்க், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, இதெல்லாம் ஆம்பளைங்க வெளாட்டு. கோலப் போட்டி வெச்சா சொல்றேன், அதுல சேந்துக்கோ."

"போர்டுல தொழிலாளர்னு எழுதிக்குதே சார். நான் இன்னா மொதலாளியா?"

பின்னால் டீ கிளாஸோடு நின்றிருந்தவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் இராமலிங்கம் ஐயா. வயதானவர், யாரோடும் அதிகம் பேசமாட்டார். "பேர எழுதுய்யா. சீட்டுக்குத் தெரியுமா எது ஆம்பளைக் கை, எது பொம்பளைக் கைன்னு?" என்றார். எழுதிவிட்டார்கள்.

மொத்தம் முப்பத்தாறு பேர், ஆறு மேஜை. மேஜைக்கு இரண்டு பேர் மேலே போகலாம். கல்யாணமான புதிதில் நாம் வீட்டில் ஆடியதுபோல ஒரே கையில் முடிகிற ஆட்டம் இல்லை இது. ஒவ்வொரு கையிலும் தோற்றவருக்குப் புள்ளி ஏறும். 201ஐத் தொட்டால் எழுந்து போக வேண்டும். கை மோசமாக வந்தால் ஆடாமலே கவிழ்த்து வைத்து 'ஸ்கூட்' என்று சொல்லிவிடலாம், இருபத்தைந்தோடு போகும். ஆசைப்பட்டு ஆடிப் பிடிபட்டால் எண்பதுவரை ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை கேன்டீனுக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில் முதல் சுற்று. என் மேஜையில் கிரேன் ஓட்டும் ஜோசப் அண்ணன் இருந்தார். கை மோசமாக வந்தால் அவர் சிரிக்கிறார், அதை மூன்றாவது கையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மற்றவர்கள் தங்கள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே விழுகிற சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஆணியை எடை பார்த்துப் பெட்டியில் போடுகிறவளுக்கு எது எத்தனை போயிற்று என்பது தானாக மனதில் நிற்கிறது. நானும் ஜோசப் அண்ணனும் மேலே வந்துவிட்டோம்.

18ஆம் தேதி அடுத்த சுற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
சந்திரகலா


ஜபல்பூர்
12-2-1973

கலாவுக்கு,

உன் கடிதம் இன்று கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு சரியானதில் சந்தோஷம். கிடாக்குட்டி இரண்டையும் விற்க வேண்டாம் என்று சொல்.

போட்டியிலிருந்து விலகிவிடு. உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். நான் இங்கே பட்டாளத்து லாரிக்கு அடியில் கிரீஸ் வழிய மல்லாந்து கிடக்கிறேன். என் பெண்டாட்டி ஐந்து ஆண்களோடு ஒரு மேஜையில் உட்கார்ந்து சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் பேசினால் அம்மாவால் தாங்க முடியாது. வேலைக்குப் போகாதே என்றேன், போனாய். இதையாவது கேள்.

விலகிவிட்டேன் என்று ஒரு கார்டு போடு. வேறெதுவும் எழுத வேண்டியதில்லை.

முனிகிருஷ்ணன்

அந்த ஜோசப் சிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். சிரிக்கிறவன் தன் சிரிப்பை நீ கவனிக்கிறாய் என்று கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நல்ல கைக்கும் சிரிப்பான். இதை உனக்குத் தெரியட்டுமே என்று எழுதினேன். ஆடச் சொன்னதாக அர்த்தம் இல்லை.


ஆரம்பாக்கம்
19-2-1973

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் ஆடினேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் பொய்க் காய்ச்சல் சொல்லிப் படுத்துக்கொள்ள என்னால் ஆகவில்லை.

அத்தையால் தாங்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அவனுக்கு இன்னா தெரியும்? பக்கத்து ஊட்டு செல்லியம்மாள் நேத்து கேட்டா, உம் மருமவ சீட்டாடறாளாமேன்னு. ஆமாண்டி, ஜெயிச்சுக்கினு வர்றா, உம் மருமவ இன்னா பண்றான்னு கேட்டேன். வாய மூடிக்கினா" என்றார்கள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து டிபன் கட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். ஃபேன் ஆசை.

அன்று முழுக்க எனக்குக் குப்பைக் கைதான் வந்தது. ஒரு ஜோக்கர் இல்லை, ஒட்டுகிற சீட்டு இரண்டு சேர்ந்து இல்லை. நீங்களாக இருந்தால் ஒரு தடவையாவது வீம்புக்கு ஆடியிருப்பீர்கள். நான் ஸ்கூட், ஸ்கூட் என்று கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார்: "இன்னாம்மா, ஆட வந்தியா, பாக்க வந்தியா?" அவர்தான் முதலில் எழுந்து போனார். எழுபதும் எண்பதுமாகப் பிடிபட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு மூன்று பேர் மிச்சம்: ரோலிங் செக்‌ஷன் சின்னராசு, ஜோசப் அண்ணன், நான். இதில் ஒருவர் போனால் மற்ற இரண்டு பேரும் ஃபைனல்.

எனக்கு அப்போது 175. இன்னொரு குப்பை வந்தது. ஸ்கூட் சொன்னேன். 200. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் வீடு. அடுத்த கை வந்தது.

கை சுமாராக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஜோசப் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கெட்ட கை, பயமில்லாமல் போடலாம் என்று டைமன் எட்டைப் போட்டேன். டக்கென்று எடுத்துக்கொண்டார். அப்போதுதான் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் ஞாபகம் வந்தன. என்னிடம் டைமன் ஒன்பது இருந்தது, எனக்கு எதற்கும் ஆகாத சீட்டு. அதைப் போடவில்லை. பிடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி ஆடினேன். நாலாவது சுற்றில் எனக்குச் சேர்ந்துவிட்டது. எல்லாம் சேர்ந்த பிறகு கடைசிச் சீட்டாக அந்த ஒன்பதைக் கவிழ்த்து ஷோ காட்டினேன்.

ஜோசப் அண்ணன் கையை விரித்தார். டைமன் ஏழு, எட்டு. ஒன்பதுக்குத்தான் காத்திருந்திருக்கிறார். அது வராததால் அவரிடம் லைஃபே இல்லை, ஜோக்கர் சேராத வரிசை ஒன்றுகூட. லைஃப் இல்லையென்றால் கையிலிருக்கும் எல்லாச் சீட்டையும் எண்ணிவிடுவார்கள். அவர் போய்விட்டார். "எஞ் சிரிப்பையே நம்பலியா தங்கச்சி?" என்று கேட்டு அப்போதும் சிரித்தார். நல்ல மனிதர்.

விலகச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதத்தால்தான் ஃபைனலுக்குப் போகிறேன். இதற்கு உங்களைக் கோபிப்பதா, கும்பிடுவதா?

மார்ச் 4 ஃபைனல். நான்கு பேர். இராமலிங்கம் ஐயா இன்னொரு மேஜையில் முதல் ஆளாக வந்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமான முதல் வருஷ லீவில் நாம் பாயில் உட்கார்ந்து ஆடாத நாள் இல்லை. ஒரு நாள் சீட்டுக்கட்டை எடுத்துப் பரண்மேல் போட்டீர்கள். அப்புறம் நான் கூப்பிட்டபோதெல்லாம் தலைவலி. ஆறு வருஷமாயிற்று. ஏன் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

கலா


ஜபல்பூர்
25-2-1973

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் தேவசகாயத்துக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. டைமன் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்கிற இடம் வந்ததும் அவன் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டான். "யாருடே அது, ஒம் பெஞ்சாதியா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. இப்போது மெஸ்ஸில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். பஞ்சாபிக்காரன் ஒருவன் காலையில் சப்பாத்திக்கு நிற்கும்போது "ஃபைனல் கப்?" என்று இந்தியில் கேட்கிறான், எப்போது என்று.

நீ கேட்டதற்குப் பதில் எழுதப் பார்க்கிறேன். மூன்று காகிதம் கிழித்தாயிற்று.

உன்னோடு ஆடி நான் ஜெயித்ததே கிடையாது. எனக்கு அதில் குறை ஒன்றும் இருக்கவில்லை, நம்பு. நான் மட்டமாக ஆடுகிறவன் என்று தெரியும். ஆனால் ஒரு நாள் ஜெயித்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது. நாயக் பிரமோஷன் லிஸ்டில் என் பெயர் இல்லை என்று தெரிந்த வாரம். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இன்றைக்கு அவளைத் தோற்கடித்துவிட்டேன் என்று. சாயங்காலம் நம் பச்சையம்மா வந்தாள். "அண்ணி உட்டுக் குடுத்துச்சு, நான் பாத்துக்கினு தான் இருந்தேன், ஜோக்கரயே கீழ போட்டுச்சு" என்றாள். என் தங்கச்சிக்கு வாயில் எதுவும் நிற்காது என்பது உனக்குத் தெரியும்.

தோற்றதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை கலா. ஜெயித்த அந்த ஒன்றுதான் வலித்தது. நீ என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருக்கிறாய். பிறகு எப்படி எதிரே உட்காருவது? நீ வேலைக்குப் போகிறேன் என்றபோதும் அதே மாதிரிதான் இருந்தது. நான் அனுப்புவது போதவில்லை என்று சொல்லாமல் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நீ ஒருவேளை அப்படி நினைத்திருக்கமாட்டாய். இவ்வளவு தூரத்திலிருந்து யோசிக்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது. எதிரே நின்றபோது தோன்றவில்லை.

ஆடு. இனிமேல் விலகச் சொல்லமாட்டேன். ஃபைனலில் ஆரம்பத்தில் எல்லோரும் பயந்து கவிழ்ப்பார்கள். அப்போது நீ ஆடு. கடைசியில் இரண்டு பேர் ஆகும்போது சீட்டைவிட எதிராளியின் புள்ளியைப் பார். இது தேவசகாயம் சொன்னது. நான் சொல்ல எனக்கு என்ன தகுதி.

முனிகிருஷ்ணன்


ஆரம்பாக்கம்
27-2-1973

அன்புள்ள மாமாவுக்கு,

இதற்கு நீங்கள் பதில் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

இன்று பேக்கிங் செக்‌ஷனுக்குக் கோபால் சார் வந்தார். வந்தவர் ஆணிப் பெட்டியைத் தட்டிக்கொண்டே நின்றார். இராமலிங்கம் ஐயா மார்ச் கடைசியோடு ரிடையர் ஆகிறாராம்.

"நாலு பேர்ல மத்த ரெண்டு பேரும் தேறமாட்டானுங்கம்மா. கடைசில நீயும் அவரும்தான் நிப்பீங்க. அவரு சம்சாரம் போய் ஒரு வருசம்கூட ஆகல. போற மனுசன் ஒரு ஜெயிப்போட போவட்டுமே. நீ சின்னப் பொண்ணு, அடுத்த வருசம் ஆடலாம். நல்ல கைய ரெண்டு தபா கவுத்து வெச்சின்னா போதும், ஒரு பயலுக்கும் தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் பெயரை எழுதச் சொன்னது அந்தப் பெரியவர்தான். அவர் இல்லையென்றால் நான் ஷெட்டுக்குள் கால் வைத்திருக்க முடியாது. மத்தியானம் அவர் ஸ்டோர்ஸ் வாசலில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்த்தேன். ஓட்டல் இட்லி.

அத்தையிடம் சொன்னேன். "ஃபேனு வரும்னு பாத்தேன்" என்றார்கள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "வயசானவரு, பாவம்" என்றார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நானும் இருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

கலா


ஆரம்பாக்கம்
5-3-1973

அன்புள்ள மாமாவுக்கு,

25ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் இன்று காலையில்தான் வந்தது. சனிக்கிழமை வந்திருந்தால் நேற்று நான் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஷெட் நிறைய ஆட்கள். ஜோசப் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு நின்றிருந்தார். தேவசகாயம் அண்ணன் சொன்ன மாதிரியேதான் நடந்தது. எல்லோரும் பயந்து பயந்து கவிழ்த்தார்கள், நான் ஆடினேன். பதினொரு மணிக்குள் ஒருவர் போனார். சாப்பாட்டுக்கு முன்னால் சின்னராசு போனார். நானும் இராமலிங்கம் ஐயாவும் மட்டும். எனக்கு 80, அவருக்கு 95.

எதிரே உட்கார்ந்த பிறகும் எனக்கு அந்த ஓட்டல் இட்லிதான் கண்ணில் நின்றது. எனக்குக் கை வந்தது. ஆட்டின் மூன்று, நான்கு, ஐந்து சேர்ந்தே வந்திருந்தது. லைஃப்! இரண்டு ஜோக்கர் வேறு. இதைவிட நல்ல கை இந்தப் போட்டியில் எனக்கு வந்ததில்லை. கோபால் சாரைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார்.

"ஸ்கூட்" என்று கவிழ்த்து வைத்தேன்.

அடுத்து கலைக்க வேண்டியது பெரியவர். சீட்டுகளைச் சேர்க்கும்போது என் கையைத் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கக் கூடாது, ஆனால் பார்த்துவிட்டார். பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக மேஜையில் விரித்தார்.

"இந்தக் கைய எவனாவது ஸ்கூட் உடுவானா?"

"வுடுங்க சார், பயத்துல போட்டிருக்கும்" என்றார் கோபால்.

"நீ சும்மா இருய்யா. ஏம்மா, எவனாச்சும் உங்கிட்ட வந்து எதனா சொன்னானா?"

நான் மேஜையைப் பார்த்தேன். கோபால் சார் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார். பெரியவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஊட்டுல ஆளில்லாதவன், ரிடையர் ஆவறவன், இந்தக் கெழவனுக்கு ஒரு ஃபேனைக் குடுத்து அனுப்பலாம்னு பாத்தீங்களா? எம் பொண்டாட்டி செத்த பின்னால எல்லாரும் எங்கிட்ட மெதுவாவே பேசறீங்கய்யா. இந்த மேஜைல உக்காந்தா மட்டும்தான் எவனும் எனக்குப் பாவம் பாக்க மாட்டான்னு வந்தேன்."

பிறகு கோபாலிடம், "அந்த இருபத்தஞ்சை அடி" என்றார்.

"எழுதினத அடிக்கக் கூடாது சார். ரூல் இருக்குது."

"சரி." சீட்டைப் போட்டார், எனக்குப் பதின்மூன்று, அவருக்குப் பதின்மூன்று. தன் கையை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்கூட். எழுது எனக்கும் இருபத்தஞ்சு." என்னைப் பார்த்தார். "இப்ப சரியாப் போச்சு. இனிமே ஆடும்மா. என்னைத் தோக்கடிக்கணும்னு ஆடு. இல்லன்னா சொல்லிடு, இப்பவே எழுந்து போயிடறேன்."

"ஆடறேன் ஐயா" என்றேன். சத்தமே வரவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது.

மாமா, அதற்குப் பிறகு நாங்கள் ஆடியது இருக்கிறதே! பகல் மூன்றரைவரை. அவர் எறிவதை நான் எடுக்கிறேன், நான் பிடித்து வைத்திருப்பதை அவர் மோப்பம் பிடிக்கிறார். ஒரு தடவை நான் வேண்டுமென்றே கிளாவர் பத்தைப் போட்டு அவரை இழுக்கப் பார்த்தேன். "வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டு, கட்டிலிருந்து எடுத்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வெளியே கூடூர் பாசஞ்சர் போனது, யாரும் திரும்பவில்லை. எனக்கு 176. அவருக்கு 181. இரண்டு பேருக்கும் இனி ஸ்கூட் கிடையாது. வந்த கையை ஆடித்தான் ஆக வேண்டும்.

கடைசிக் கையை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். அந்தக் கைக்கு நாலாம் நம்பர்தான் ஜோக்கர். என்னிடம் ஆட்டின் ஏழிலிருந்து பத்துவரை லைஃப். ஸ்பேடு ஜாக்கி, ராணியோடு ஒரு ஜோக்கர். கட்டிலிருந்து கிளாவர் ஐந்து வந்து, ஆறோடும் ஏழோடும் சேர்ந்துகொண்டது. பத்துச் சீட்டு முடிந்துவிட்டது. மிச்சம் நான்கு: கிளாவர் ராஜா, டைமன் ராஜா, டைமன் ஆறு, ஸ்பேடு ஆறு. ஒன்றை எறிய வேண்டும். ஆறு ஜோடியா, ராஜா ஜோடியா? ஆட்டின் ஆறு இரண்டும் ஏற்கெனவே கீழே போய்விட்டன. ராஜா ஒன்றுகூட வெளியே வரவில்லை. ராஜாவை வைத்துக்கொண்டு ஸ்பேடு ஆறைப் போட்டேன். அவர் அதை எடுக்கவில்லை. கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பார்த்தார். ஷோ.

அவர் கையில் ராஜாவே இல்லை. என்னிடம் இரண்டு ராஜா, ஒரு ஆறு. இருபத்தாறு. மொத்தம் 202.

தோற்றேன். நிஜமாகத் தோற்றேன். ஆனால் மாமா, ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்! கோபால் சார் பக்கத்தில் வந்து, "ரொம்ப தேங்க்ஸ்மா. கடைசில பிரமாதமா நடிச்ச" என்றார். "சார், நெஜமாவே தோத்துட்டேன்" என்றால் கண்ணடிக்கிறார். ஜோசப் அண்ணன் "உனக்குப் பெரிய மனசு தங்கச்சி" என்கிறார். ஃபிளாஸ்க்கோடு வீட்டுக்கு வந்தால் அத்தை, "உட்டுக் குடுத்துட்டியா? போவுது, புண்ணியம்" என்கிறார்கள். பெரியவர் மட்டும் என் சீட்டுகளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நல்லா ஆடினம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் ஜோக்கரைக் கீழே போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். லிஸ்டில் பெயர் இல்லை என்று நீங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள், ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. அது உங்களை இப்படிக் குத்தும் என்று தெரியாது. நேற்று அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்த பிறகு தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போனது நீங்கள் அனுப்புவது போதாமல் இல்லை. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து தபால்காரனையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கையைச் சீட்டு வைத்துப் பாருங்கள். நீங்களாவது சொல்லுங்கள், நான் தோற்றேனா இல்லையா?

கலா


ஜபல்பூர்
12-3-1973

அன்புள்ள கலாவுக்கு,

நீ 27ஆம் தேதி எழுதியது ஃபைனல் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. விட்டுக் கொடுத்துவிடாதே என்று தந்தி அடிக்கக்கூட நேரம் கடந்துவிட்டது. அதனால் அடுத்த கடிதம் வந்ததும் கேட் பக்கத்திலேயே நின்று கிழித்தேன்.

தேவசகாயம் கட்டிலில் கம்பளியை விரித்து நீ எழுதியபடியே பதினான்கு சீட்டையும் அடுக்கினோம். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். எதை எறிவது என்று ஒவ்வொருவனையும் கேட்டேன். எல்லோரும் ஆறு என்றார்கள். பஞ்சாபிக்காரன் கொஞ்சம் தயங்கினான், கடைசியில் அவனும் ஆறு என்றான். வர வழி குறைந்த ஆறுக்கு யார் காத்திருப்பார்கள்? நீ செய்தது சரி. உன் ஆட்டத்தில் பிழை இல்லை. சீட்டு வரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார்கள்.

ஆகவே சாட்சி சொல்கிறேன்: நீ தோற்றாய். சத்தியமாகத் தோற்றாய். கோபாலிடம் வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அந்தப் பெரியவரைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அன்றைக்கு அவருடைய தைரியம் இல்லை. சீட்டைத் திருப்பிப் போட்டு, சரியாக ஆடு என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். பரண்மேல் தூக்கிப் போட்டேன். ஆறு வருஷம்.

லீவு கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பாக்கம் வந்து சேருவேன். இருபத்தெட்டு நாள். அம்மாவிடம் சொல். இங்கே கேன்டீனில் ஃபேன் விற்கிறார்கள், வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேள்.

உன் கம்பெனியை வெளியிலிருந்தாவது ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன்
முனிகிருஷ்ணன்


ஆரம்பாக்கம்
18-3-1973

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. அத்தை கேட்டுவிட்டு, "ஃபேனு வேணாம்னு எழுதாத" என்று மட்டும் சொன்னார்கள். ஏப்ரல் ஏழு என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குச் சாட்சி சொன்னதில் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் ஒன்று. என் ஆட்டத்தில் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிழை இருக்கிறது. நேற்று ராத்திரி சோறு வடிக்கும்போது பிடிபட்டது.

நாம் எல்லோரும் சீட்டையே பார்த்தோம், என் புள்ளியைப் பார்க்கவில்லை. எனக்கு 176. இரண்டு ராஜாவும் ஒரு ஆறும் கையில் நின்றால் இருபத்தாறு, 202, வெளியே. ஆனால் ஒரு ராஜாவை எறிந்துவிட்டு இரண்டு ஆறையும் வைத்திருந்தால்? இருபத்திரண்டு. 198. அவர் கையில் ராஜா இல்லை, நான் எறிந்த ராஜாவை அவர் எடுத்திருக்கமாட்டார். கட்டிலிருந்து அதே சீட்டை எடுத்து அதே ஷோவைத்தான் காட்டியிருப்பார். நான் வெளியே போயிருக்கமாட்டேன். உங்கள் பஞ்சாபிக்காரர் தயங்கினாரே, அவருக்கு ஏதோ பட்டிருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

ஆகவே சீட்டு வராமல் நான் தோற்கவில்லை. கூட்டிப் பார்க்காமல் தோற்றேன். ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது, புள்ளி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. இனிமேல் ஆறுதலுக்காக என் பிழையை மூடி எழுதாதீர்கள். எனக்கும் அது பிடிக்காது என்று இப்போது தெரிகிறது.

இதை இராமலிங்கம் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். ஸ்டோர்ஸ் மேஜையில் சாக்பீஸால் எழுதிக் கூட்டிப் பார்த்தார். "அட ஆமாம்மா" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த 198ஐப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதை வைத்துக்கொண்டு நான் ஜெயித்திருப்பேனா? தெரியாது. மூன்று புள்ளி ஏறினால் போச்சு. அதுவா முக்கியம்? இன்னொரு கை ஆடியிருக்கலாம். எனக்குக் குறை அது ஒன்றுதான். அவருக்கும் அதே குறைதான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ரிடையர் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுக்கு வருவாராம்.

ஏழாம் தேதி எனக்குப் பகல் ஷிப்ட். லீவு போடவில்லை, போடவும் மாட்டேன். சாவி அத்தையிடம் இருக்கும். குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். நான் ஐந்தே முக்கால் பாசஞ்சரில் வருவேன், கடைசிப் பெட்டி. நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள்.

உங்கள்
கலா